பங்குனியில் எது பச்சை? ஒரு செட்டிநாட்டுத் தோட்டமும் அதன் வரைபடக் குறியீடுகளும்

காரைக்குடியை ஒட்டிய ஒரு ஊரில், கிழக்குப் பார்த்த பழைய நகரத்தார் வீட்டின் பின்பக்கத் தோட்டத்தை மறுபடி அமைக்கும் வேலை எங்களிடம் வந்தபோது, ஏற்கெனவே வேறொருவர் வரைந்து கொடுத்திருந்த வரைபடமும் கூடவே வந்தது. ஏ3 தாளில் கலர் பிரிண்ட். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. மேற்கு மதிலை ஒட்டி வரிசையாகப் பச்சை உருண்டைகள், கிணற்றைச் சுற்றி முள்முள்ளாக ஐந்தாறு வட்டங்கள், நடைபாதை ஓரம் பூப்போட்ட சின்னச் சின்னப் புள்ளிகள். வீட்டுக்கார ஆச்சிக்கும் பிடித்திருந்தது. ஆனால் அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "பங்குனி, சித்திரைல இங்க எங்க நிழல் இருக்கும்ப்பா?" அந்தப் படத்தை வைத்துக்கொண்டு யாராலும் பதில் சொல்ல முடியவில்லை.

அந்தக் கேள்விக்கான பதிலைப் படத்துக்குள்ளேயே எப்படிக் கொண்டுவந்தோம் என்பதைத்தான் எழுதப் போகிறேன். நட்ட கன்றுகள் இன்னும் இடுப்பளவுகூட வரவில்லை, அதனால் தோட்டம் எப்படி வந்தது என்று இப்போது பேச ஒன்றும் இல்லை. பேச இருப்பது குறியீடுகளைப் பற்றி, முக்கியமாகப் பசுமை மாறா மரங்களுக்கு என்ன குறியீடு போடுவது, ஏன் போடுவது என்பதைப் பற்றி.

இடம்

செட்டிநாட்டு வீடுகளைத் தெரிந்தவர்களுக்கு அமைப்பைச் சொல்ல வேண்டியதில்லை. முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு, மூன்றாம் கட்டு என்று வீடு ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவைத் தொடும் வரை நீளும். இந்த வீட்டில் கடைசிக் கட்டுக்கும் பின்தெருவுக்கும் நடுவே கிழக்கு மேற்காக 110 அடி, தெற்கு வடக்காக 60 அடி இடம். ஏற்கெனவே நின்றவை ஒரு பெரிய வேம்பு, ஒரு மாமரம், இரண்டு தென்னை, ஒரு கிணறு. மேலே செம்மண், இரண்டு அடி தோண்டினால் செம்புறாங்கல்.

குடும்பம் இருப்பது சென்னையில். எல்லோரும் இங்கே கூடுவது பெரும்பாலும் தை முதல் வைகாசி வரை, கல்யாணம் காட்சி என்றாலும் சரி, பள்ளிக்கூட லீவு என்றாலும் சரி. அப்போது பின்பக்கம்தான் கோட்டை அடுப்பு போடுவார்கள், பந்தியும் அங்கேதான். தோட்டத்தின் மேற்குப் பாதியில் இதற்காகவே ஒரு கல் தளம் இருக்கிறது. ஆக, இந்தத் தோட்டம் வேலை செய்ய வேண்டிய மாதங்கள் வருஷத்தின் மிக வறண்ட மாதங்கள். இந்த மாவட்டத்துக்கு ஆண்டுக்கு ஏறக்குறைய 900 மில்லிமீட்டர் மழை, அதில் அதிகம் கொட்டுவது ஐப்பசி, கார்த்திகையில். மார்கழியில் எல்லா மரமும் பச்சையாகத்தான் தெரியும். மாசி தாண்டும்போதுதான் எது நிற்கிறது, எது உதிர்கிறது என்று பிரியும்.

பழைய படத்தில் இருந்த குறியீடுகள்

கம்ப்யூட்டரில் வரைபவர்களுக்குத் தெரியும், மரக் குறியீடுகளை யாரும் புதிதாக வரைவதில்லை, இணையத்தில் கிடைக்கும் பிளாக்குகளை, அதாவது முன்பே வரைந்து வைத்த குறியீடுகளை, எடுத்து ஒட்டுவதுதான் வழக்கம். அந்த பிளாக்குகள் பெரும்பாலும் குளிர் நாடுகளின் வரைபட மரபில் வந்தவை. அந்த மரபில் இலையுதிர் மரத்துக்கு மெல்லிய வட்டம், நடுத்தண்டிலிருந்து கிளைகள் பிரிந்து விளிம்பு வரை ஓடும். பசுமை மாறா மரம் என்றால் அங்கே முதலில் நினைவுக்கு வருவது பைன், ஸ்புரூஸ் போன்ற ஊசியிலை மரங்கள். அதனால் அதற்கு நடுவிலிருந்து வெளியே பாயும் கூர்மையான கோடுகள். அகன்ற இலை கொண்ட பசுமை மாறா மரத்துக்கு மேடுபள்ளமான விளிம்பு, உள்ளே நெருக்கமான கோடுகள் அல்லது அடர்ந்த நிறம். அந்த ஊரில் இது சரியான ஏற்பாடு. அங்கே இலை உதிர்வது பனிக்கு முன்னால், தோட்டம் மொட்டையாக நிற்கும் குளிர்காலத்தில் எது கண்ணுக்குத் தெரியும் என்று காட்ட அந்தக் கனத்த குறியீடு உதவும்.

இங்கே ஊசியிலை மரம் எங்கே இருக்கிறது? யாராவது வீட்டு முன்னால் அரக்கேரியா வைத்திருந்தால் உண்டு. சவுக்கு பார்க்க அப்படித் தெரிந்தாலும் அது ஊசியிலை இனமே இல்லை. கிணற்றைச் சுற்றி இருந்த அந்த முள் வட்டங்களைப் பார்த்துத் தோட்டக்காரர் கேட்டார், "என்ன தம்பி இது, கருவேலமா? கிணத்தச் சுத்தி எதுக்கு?" பட்டியலில் பார்த்தால் மகிழம், நந்தியாவட்டை என்று எழுதியிருந்தது. (சொல்லப்போனால் பங்குனி வெயிலில் இந்த மாவட்டம் முழுக்கப் பச்சையாக நிற்பது சீமைக் கருவேலம்தான். பசுமை மாறாதது என்பது மட்டுமே ஒரு மரத்துக்கு நற்சான்று ஆகிவிடாது.)

இன்னொரு சிக்கல், வெளியே பாயும் கோடுகளை இங்கே பார்க்கிற யாருக்கும் தென்னையோ பனையோதான் நினைவுக்கு வரும். மேலிருந்து பார்த்தால் தென்னை அப்படித்தானே இருக்கும். பழைய படத்தில் தென்னைக்கும் கிட்டத்தட்ட அதே பிளாக். ஒரே தாளில் ஒரே வடிவம் இரண்டு வேலை பார்த்தது.

மேற்கு மதில் வரிசைதான் பெரிய சிக்கல். படத்தில் அடர் பச்சை உருண்டைகள், பட்டியலில் சரக்கொன்றையும் வாகையும். இரண்டுமே நல்ல மரங்கள், எனக்குக் குறை ஒன்றும் இல்லை. ஆனால் வாகை மாசியிலிருந்து இலையைக் கொட்டிவிட்டு, காய்ந்த நெற்றுகளைக் காற்றில் சலசலக்க விட்டுக்கொண்டு நிற்கும். சரக்கொன்றை சித்திரையில் மஞ்சளாகக் கொட்டும், பார்க்க அவ்வளவு அழகு, கீழே உட்கார்ந்தால் வெயில் அப்படியே மண்டையில் இறங்கும். அடர் பச்சை உருண்டையைப் பார்த்து அந்த வரிசை பந்திக்கு நிழல் தரும் என்று ஆச்சி நினைத்தால் அது அவர் தப்பில்லை.

இலையைப் பற்றிய விசாரணை

குறியீடு வரைவதற்கு முன்னால் மரங்களைப் பிரித்தாக வேண்டும். பசுமை மாறாதது, இலையுதிர்ப்பது என்று இரண்டாகப் பிரித்தால் இந்த ஊர் மரங்கள் பாதி எதிலும் அடங்காது. வேம்பையே எடுத்துக்கொள்ளுங்கள். மாசி வாக்கில் மஞ்சளாகி உதிரும், அதே வேகத்தில் செம்பச்சைத் தளிர் விடும், சித்திரை ஒன்றாம் தேதி பச்சடிக்குப் பூவும் தயாராகிவிடும். நடுவே சில வாரங்கள்தான் மெலிந்து நிற்கும். புங்கமும் அரசும் ஏறக்குறைய இதே கதை. இதை இலையுதிர் மரம் என்று வரைந்தாலும் பொய், பசுமை மாறா மரம் என்று வரைந்தாலும் பொய்.

அதனால் மூன்றாகப் பிரித்தோம். வறட்சியிலும் இலை தாங்குபவை: மகிழம், புன்னை, நாவல், மா, பூவரசு, ஆல் போன்றவை. சில வாரங்களில் இலை மாற்றுபவை: வேம்பு, புங்கம், அரசு. நீண்ட நாள் மொட்டையாக நிற்பவை: வாகை, சரக்கொன்றை. பிரித்தது புத்தகத்தைப் பார்த்து மட்டும் இல்லை. ஈரமான இடத்தில் இலை தாங்குகிற மரம், செம்புறாங்கல் தரையில் தண்ணீர் இல்லாமல் நின்றால் பாதி இலையைக் கொட்டிவிடும். அதனால் தோட்டக்காரரை அழைத்துக்கொண்டு அந்த ஊரிலேயே நிற்கிற மரங்களைப் பார்த்து, எது எந்த மாதம் என்ன செய்யும் என்று அவர் வாயாலேயே கேட்டு எழுதிக்கொண்டோம். இந்த மாதிரி விஷயத்தில் ஊரணிக் கரையில் ஆடு மேய்த்தவர் சொல்வதற்கு மேல் ஒரு ஆதாரம் எனக்குத் தேவைப்படவில்லை.

கோயில் காடுகளையும் பார்ப்பது நல்லது. சோழமண்டலக் கரையை ஒட்டியும் புதுக்கோட்டை, சிவகங்கைப் பக்கமும் எஞ்சியிருக்கும் காட்டு வகைக்கு உலர் பசுமைமாறாக் காடு என்று தனிப் பெயரே உண்டு. மழை குறைவு, வறட்சி நீளம், ஆனாலும் மரங்கள் இலையை விடுவதில்லை. குட்டையான மரங்கள், சின்னதாய்த் தடித்த, தோல் போன்ற இலைகள், நெருக்கமான கவிகை, அதாவது மேலே விரிந்த இலைக் குடை. வீரை, காசா, உலக்கைப் பாலை எல்லாம் அந்தக் கூட்டம்தான். எங்கள் குறியீட்டின் விளிம்பு எப்படி இருக்க வேண்டும் என்பது அங்கிருந்து வந்தது.

இங்கே ஆச்சியிடம் ஒரு விஷயத்தை விளக்க வேண்டியிருந்தது. பசுமை மாறா மரம் என்றால் இலையே கொட்டாது என்று அவர் நினைத்திருந்தார், நிறைய பேர் அப்படித்தான் நினைக்கிறார்கள். கொட்டும். ஒரேயடியாகக் கொட்டாமல் வருஷம் பூராக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொட்டும். பலா இதில் மோசம். கிணற்றுப் பக்கம் வேம்பை வெட்டிவிட்டு பலா வைக்கலாம் என்று ஒரு பேச்சு இருந்தது. யோசித்துப் பார்த்தால் வேம்புதான் நல்லது. அது கொட்டுகிற சில வாரங்கள் கிணற்றின் மேல் வலையைப் போட்டு மூடினால் போதும், பலா என்றால் பன்னிரண்டு மாதமும் வலை. வேம்பு தப்பித்தது.

குறியீடு வரைந்த விதம்

முதலில் கையால்தான் வரைந்தோம், டிரேசிங் தாளில், ஊற்றுமுனை வரைபேனாவால். பிறகுதான் ஸ்கேன் செய்து ஆட்டோகேட் என்ற வரைபட மென்பொருளில் பிளாக் ஆக்கியது. நேராகக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்தால் கை தானாகவே பழைய பிளாக்கைத் தேடிப் போகும் என்பது என் எண்ணம்.

இலை தாங்கும் மரத்துக்கு விளிம்பு மட்டும் கனம், 0.35 மில்லிமீட்டர். முழு வட்டமாக இல்லாமல் சின்னச் சின்னக் குட்டை வளைவுகள், ஒன்றன் மேல் ஒன்று லேசாக ஏறி, கோயில் காட்டு மரத்தின் தடித்த இலை விளிம்பு போல. கூர்முனை எங்கும் இல்லை. நடுவே அடிமரத்துக்கு நிரப்பிய புள்ளி. இலை மாற்றும் மரத்துக்கு அதே வளைவு விளிம்பு, 0.25 கனத்தில், ஆனால் வட்டத்தில் கால் பங்கு திறந்தே இருக்கும். பார்த்தவுடன் ஏதோ விட்டுப்போயிருக்கிறது என்று தோன்ற வேண்டும், கேட்க வைக்க வேண்டும், அதுதான் நோக்கம். மொட்டையாகும் மரத்துக்கு 0.18 கனத்தில் மெல்லிய வட்டமும் உள்ளே கிளைகளும், அது பழைய மரபிலேயே இருக்கட்டும் என்று விட்டோம், அதில் குழப்பம் இல்லை. பாயும் கோடுகளைத் தென்னைக்கு மட்டும் ஒதுக்கினோம். சுவர்கள் 0.7, அதற்கு மேல் எதுவும் கிடையாது.

உட்புறக் கோடுகளில்தான் நிறைய வாதம் நடந்தது. ஆச்சியின் மகன் நடைபாதை ஓரம் நெட்டிலிங்கம் வரிசை கேட்டிருந்தார். நெட்டிலிங்கம் சந்தேகமில்லாமல் பசுமை மாறா மரம். ஆனால் அந்த ஒல்லியாக நெட்டுக்கு வளரும் வகை நின்றால் அதன் கீழ் ஒரு ஆள் உட்கார நிழல் தேறாது, 1:100 அளவில் (தரையில் ஒரு மீட்டர், தாளில் ஒரு சென்டிமீட்டர்) அதன் வட்டமே ஒன்றரை, இரண்டு சென்டிமீட்டர்தான். அதற்கும் மகிழத்துக்கும் ஒரே குறியீடு போட்டால் மறுபடி பழைய படத்தின் கதைதான். எனவே விளிம்பு இலையின் பழக்கத்தைச் சொல்லட்டும், உள்ளே இருக்கும் சாய்கோடு உட்கார நிழல் உண்டு என்று சொல்லட்டும் என்று பிரித்தோம். நெட்டிலிங்கத்துக்குக் கனத்த விளிம்பு உண்டு, சாய்கோடு கிடையாது.

சாய்கோட்டை வட்டம் முழுக்க நிரப்பக்கூடாது என்பது ஜெராக்ஸ் கடையில் தெரிந்துவிடும். வேலை நடக்கும் இடத்துக்குப் போவது எப்போதும் ஏ3-யின் கருப்பு வெள்ளை ஏ4 நகல்தான். சுருக்கும்போது எல்லாம் 71 சதவீதம் ஆகிவிடும். ஒரு மில்லிமீட்டர் இடைவெளியில் போட்ட கோடுகள் நெருங்கி, அடியில் இருக்கும் செடி, குழாய், எழுத்து எல்லாம் கருப்பில் மூழ்கிவிடும். 0.18 கோடோ 0.13 ஆகி மங்கிப் போகும். அதனால் சாய்கோடு வட்டத்தின் மூன்றில் ஒரு பங்கில் மட்டும், இடைவெளி இரண்டு மில்லிமீட்டர். நிறத்தை நம்பி எந்தத் தகவலும் இல்லை. 1:100 என்று மூலையில் எழுதியிருப்பதும் நகலில் பொய்யாகிவிடும், அதனால் அடியிலும் மீட்டரிலும் ஒரு அளவுகோல் பட்டையைப் படத்துக்குள்ளேயே வரைந்துவிட்டோம், படம் சுருங்கினால் அதுவும் கூடவே சுருங்கும். இங்கே குழி எடுக்கிறவர்கள் அடிக்கணக்கில்தான் அளப்பார்கள் என்பதையும் மறக்கக்கூடாது.

வட்டத்தின் அளவு முழு வளர்ச்சியின் விரிவு. மகிழம் என்றால் ஏழு மீட்டர், தாளில் ஏழு சென்டிமீட்டர். ஐந்து வருஷத்தில் எவ்வளவு இருக்கும் என்பதையும் உள்ளே புள்ளிக்கோட்டு வட்டமாகக் காட்டலாம் என்று ஒரு யோசனை இருந்தது. மாதிரித் தாளை மேஸ்திரியிடம் காட்டினோம். "இந்த உள் வட்டம் பாத்தி கட்டுறதுக்கா? அப்ப செங்கல் எவ்வளவுன்னு சொல்லிருங்க" என்றார். அவர் கேட்டது நியாயம், மரத்தைச் சுற்றி வட்டம் என்றால் பாத்திதான். உள் வட்டம் நீக்கப்பட்டது, ஐந்து வருஷ அளவு செடிப் பட்டியலில் எண்ணாக ஏறியது. பட்டியலில் ஊர்ப்பெயரோடு தாவரவியல் பெயரும் சேர்த்தோம், நர்சரியில் பாலை என்று கேட்டால் எந்தப் பாலையைக் கொடுப்பார்கள் என்று சொல்ல முடியாது.

பக்கத்துப் பக்கத்தில் ஒரே மரம் இரண்டு மூன்று வந்தால் வட்டங்களை ஒன்றின் மேல் ஒன்று வெட்டவிடாமல் வெளி விளிம்பை மட்டும் ஒன்றாகச் சேர்த்து, உள்ளே அடிமரப் புள்ளிகளை மெல்லிய கோட்டால் இணைத்து, கோட்டின் முனையில் பெயர்ச் சுருக்கமும் எண்ணிக்கையும்: "மகி 3". இது எல்லா நடவு வரைபடத்திலும் உள்ள வழக்கம், புதிது ஒன்றும் இல்லை.

நிழல்

படத்தில் அழகுக்காக மரங்களின் நிழலை வடக்குப் பக்கம் விழுவதாகப் போடுவார்கள். அதுவும் வடக்கே உள்ள நாடுகளின் பழக்கம். காரைக்குடி இருப்பது ஏறக்குறைய 10 பாகை வடக்கு அட்சரேகையில். 20 அடி மரத்தின் நண்பகல் நிழல் மார்கழித் தொடக்கத்தில் வடக்கே சுமார் 13 அடி நீளும். ஆனித் தொடக்கத்தில் அதே மரத்தின் நண்பகல் நிழல் தெற்கே சுமார் 5 அடி விழும், ஏனென்றால் அப்போது சூரியன் நமக்கு வடக்கே இருக்கிறது. சித்திரை பிறக்கும் சமயத்தில்தான் சுவாரஸ்யம்: அந்த நாட்களில் நண்பகல் சூரியன் இங்கே நேர் உச்சியில். அதாவது படத்தில் நாம் வரைந்த கவிகை வட்டம் எங்கே இருக்கிறதோ அங்கேதான் தரையில் நிழல், ஒரு அடிகூட நகராது. ஆச்சி கேட்ட மாதத்துக்குத் தனியாக நிழல் வரையவே வேண்டியதில்லை, சாய்கோடு போட்ட வட்டமே நிழல். நண்பகல் பந்திக்கு நிழல் வேண்டும் என்றால் வட்டம் கல் தளத்தின் மேல் ஏறி நிற்க வேண்டும், பக்கத்தில் நின்றால் பிரயோஜனம் இல்லை. மாலை நாலு மணிக்கு வேறு கணக்கு, அப்போது 20 அடி மரத்தின் நிழல் கிழக்கே ஏறக்குறைய 28 அடி போகும், அங்கேதான் மேற்கு மதில் வரிசைக்கு வேலை.

இரண்டு தாள்

மூன்று வகை மரங்களையும் கம்ப்யூட்டரில் மூன்று தனி லேயரில், அதாவது தனித்தனியாகக் காட்டவும் மறைக்கவும் முடிகிற அடுக்குகளில், வைத்திருந்தோம். இது முதலில் ஒழுங்குக்காகச் செய்ததுதான். அப்புறம் பழைய படத்தின் மரங்களையே அதே இடங்களில் புதுக் குறியீட்டில் வைத்து, இரண்டு பிரிண்ட் எடுத்தோம். ஒன்றில் எல்லாம் உண்டு, அது மார்கழி. இன்னொன்றில் மொட்டையாகும் மரங்களின் கவிகையை அணைத்துவிட்டு அடிமரப் புள்ளி மட்டும், அது பங்குனி. பங்குனித் தாளில் மேற்கு மதில் ஓரம் வெறும் புள்ளிகளாக நின்றது, கல் தளத்தின் மேல் எதுவுமே இல்லை, வேம்பு கிணற்றுப் பக்கம், மாமரம் வீட்டை ஒட்டி. ஆச்சி அந்தத் தாளைக் கையில் வாங்கியதும், "அப்ப இந்த மஞ்சக் கொன்ற எல்லாத்தையும் இங்கிட்டு மாத்துங்க" என்று விரலால் வடக்கு மதிலைக் காட்டினார். எங்கள் தரப்பிலிருந்து விளக்கமே தேவைப்படவில்லை.

மாற்றங்கள் அதன்பிறகு வேகமாக நடந்தன. மேற்கு மதில் ஓரம் புன்னையும் பூவரசும். கல் தளத்தின் தெற்கு, மேற்கு விளிம்புகளில் மகிழம் மூன்று, கவிகை தளத்தின் மேல் ஏறும்படி. மகிழம் மெதுவாக வளரும் என்பதைச் சொல்லித்தான் வைத்தோம், அதுவரை விசேஷத்துக்குப் பந்தல்தான். நாவலும் நல்ல நிழல், ஆனால் பழம் விழுந்தால் கல் தளம் ஊதாவாகிவிடும், ஆகவே பின்வாசல் பக்கம். கொன்றை வடக்கு மதிலில் மூன்று மட்டும், பார்ப்பதற்கு. வாகை வேண்டாம் என்று முடிவானது. கோட்டை அடுப்பு போடும் இடத்துக்கு மேல் எந்த மரமும் வரவில்லை, புகையும் அனலும் பட்டால் எந்தப் பசுமையும் தாங்காது.

நடவு ஐப்பசி முதல் மழையோடு. செம்புறாங்கல்லை உடைத்துக் குழி எடுத்தது தனி வேலை, அதைப் பற்றி எழுதினால் இன்னொரு கட்டுரை ஆகும். இணைத்த கோடும் "மகி 3" என்ற எழுத்தும் போதுமானதாக இருந்தது, தோட்டக்காரர் பட்டியலைத் திருப்பாமலே முளைக்குச்சி அடித்தார்.

முடியாமல் இருப்பவை

புதர்ச் செடிகளில் இந்த ஏற்பாடு அவ்வளவு சுத்தமாகப் பொருந்தவில்லை. நந்தியாவட்டை, வெட்சி, அரளி மூன்றுக்கும் சிக்கல் இல்லை, கனத்த விளிம்பு. (அரளி நச்சு, குழந்தைகள் ஓடும் பக்கம் வைக்கவில்லை.) மருதாணியும் கறிவேப்பிலையும்தான் இழுக்கிறது. தண்ணீர் கிடைத்தால் இரண்டும் பச்சையாகவே நிற்கும், வறட்சியில் விட்டால் இலையைக் குறைத்துக்கொள்ளும். வீடு பூட்டியிருக்கும் மாதங்களில் யார் தண்ணீர் ஊற்றுவது? இப்போதைக்கு, சொட்டு நீர்க் குழாய் தொடும் செடிக்கு மூடிய விளிம்பு, தொடாததற்குத் திறந்த விளிம்பு என்று வரைந்திருக்கிறோம். அதனால் குழாய் லேயர் மாறினால் குறியீடும் மாற வேண்டியிருக்கிறது, அதைக் கையால்தான் மாற்றிக்கொண்டிருக்கிறோம். கறிவேப்பிலை அடுப்படித் தண்ணீர் போகும் வாய்க்கால் ஓரத்துக்கு வந்துவிட்டதால் அதற்கு மூடிய விளிம்பு உறுதி. மருதாணி இன்னும் திறந்தே இருக்கிறது.